வாளிக்குள் ஒரு வாய்க்கால்

அன்று பட்டறையில் இருந்தவர்கள்: முதலாளி, வண்ணம் பூசும் கன்னியம்மா அக்கா, சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்திருந்த உடற்கூற்றியல் டியூட்டர் அம்மா, நான், பிறகு எனாமல் வாளிக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு மூளை. இல்லாதவர் ஒருவர்தான். அச்சு எடுக்கும் முனிரத்தினம். நான்கு நாளுக்கு முன் அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தியவர் முதலாளி. நிறுத்த வைத்தவன் நான்.

வாளியில் இருந்ததை ஆள் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்காதீர்கள். அங்கே இருந்த ஐந்து மூளைகளில் என்னுடையதைவிட அது நன்றாக வேலை செய்தது.

உடல் உறுப்பு மாதிரிகள் செய்யும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பிளாஸ்டரை எந்தப் பதத்தில் கரைப்பது, எத்தனை நாள் காயப்போடுவது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் உங்கள் கைக்கே வந்துவிடும். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நான் சொல்லப்போவது ஒரு வாளியின் மூடியைப் பற்றி.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. பாதி மனைகளில் தொழிற்சாலை, மீதியில் ஆடு. எங்கள் பட்டறை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. முதலாளி அதற்குமுன் பம்புசெட் பாகங்களுக்கு அச்சு செய்துகொண்டிருந்தவர். கண், காது, இதயம் என்று பள்ளிக்கூடங்களுக்கு மாதிரி செய்து விற்றால் லாபம் என்று யாரோ சொல்ல, அதில் இறங்கிவிட்டார்.

நான் பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பம். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள். அதோடு நிற்காமல் விலங்கியலில் பட்டமும் வாங்கிவிட்டேன். 'சரிபார்ப்பவர்' என்று முதலாளி எனக்கு ஒரு பதவி கொடுத்தார். சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்துக்கொண்டேன். ஒன்றில் மை கிடையாது.

வேலை கிடைத்ததும் அப்பாவிடம் சொன்னேன்.

“இன்னா வேலைடா?”

“மூளை செய்யிற இடம் நைனா.”

அப்பா வலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “மொதல்ல உனுக்கு ஒண்ணு செஞ்சிக்க. அப்பால ஊருக்கு செய்யலாம்.”

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிய எனக்கு ஏழு மாதம் ஆனது.

மருத்துவக் கல்லூரியிலிருந்து ஆர்டர் வந்தது. இருபத்து நான்கு மூளைகள். அதற்கு முன் நாங்கள் அத்தனை பெரிய ஆர்டரைப் பார்த்ததில்லை. ஆர்டரோடு அவர்களே ஒரு கடிதமும் ஒரு நிஜ மூளையும் கொடுத்து அனுப்பினார்கள். கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறிக் கெட்டியானது. வாளியின் அடியில் கிடந்தால் மேடு பள்ளமெல்லாம் அமுங்கிப்போகும் என்பதால், அடிப்பக்கத்து ரத்தக்குழாய்க்குள் நூலைக் கோத்து வாளியில் தொங்கவிட்டிருந்தார்கள். பட்டறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அதை வைத்தோம்.

முதலாளி எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். “இதுவரிக்கும் கண்ணு காது செஞ்சோம். இஸ்கூல்காரன் வாங்கினான், ஒண்ணும் கேக்கல. இப்ப வாங்கப்போறவங்க டாக்டருக்கே வாத்தியாரு. ஒரு கோடு தப்பாப் போச்சின்னா அத்தனயும் திரும்பி வந்துரும். துட்டு போச்சின்னா போச்சி, பட்டறையே போயிரும். நைனா, நீ படிச்சவன். கூட நின்னு பாத்துக்க.”

படித்தவன் போய்க் கொட்டகையில் வாளியின் மூடியைத் திறந்தான். அந்த நெடி கண்ணில் ஏறி மூக்கில் இறங்கியது. நூலில் தொங்கியது தெளிவாகத் தெரிவதற்குள் நான் வெளியே வந்து வேலி ஓரம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

கன்னியம்மா அக்கா தூரிகையைக் கழுவிக்கொண்டே பார்த்தார். “மீன் நாத்தத்துல பொறந்த புள்ள, இதுக்கு கவுந்துட்டியே.”

“காலையில நாஷ்டா சரியில்லக்கா.”

“அதான் தெரியுதே. இட்லி.”

அன்றைக்குப் பிறகு அந்த மூடியை நான் தொடவில்லை. பதிலாக, மூர் மார்க்கெட்டில் பழைய உடற்கூற்றியல் புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன். புத்தகத்தில் நெடி கிடையாது.

மூளையின் மேற்பரப்பு உழுத கொல்லைபோல மேடும் பள்ளமுமாக இருக்கும். அதில் இரண்டு பள்ளங்களை மட்டும் தெரிந்துகொண்டால் இந்தக் கதைக்குப் போதும். ஒன்று, காதுக்கு மேலே பக்கவாட்டில் ஓடும் பெரிய பள்ளம். இதைப் பக்கப்பள்ளம் என்போம். இன்னொன்று, உச்சியிலிருந்து கீழே இறங்கி வரும் நடுப்பள்ளம். இந்த நடுப்பள்ளத்துக்கு முன்னால் உள்ள மேடு உடம்பை அசைக்கிறது. பின்னால் உள்ள மேடு தொட்டதை உணர்கிறது. நடுப்பள்ளம் பக்கப்பள்ளத்தை நோக்கி இறங்கி வந்து, தொடுவதற்கு ஒரு விரல்நகம் இருக்கும்போது நின்றுவிடும். நடுவில் சின்னதாக ஒரு வரப்பு. என் புத்தகத்தில் படமும் அப்படித்தான் இருந்தது. ‘பெரும்பாலும் சேருவதில்லை’ என்று எழுதியிருந்தது. நான் ‘சேருவதில்லை’ என்பதற்கு மட்டும் அடிக்கோடு போட்டேன்.

முனிரத்தினம் திருவாலங்காட்டுப் பக்கம். முக்கால் ஏக்கர் நெல் கழனி. கிணறு வற்றி இரண்டு போகம் போய்விட்டது. வாரம் ஆறு நாள் பேட்டையில் தங்கி வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி ஊருக்குப் போவார். இங்கே வாங்கும் கூலியில்தான் அங்கே உலை ஏறியது. எனக்கு இருபத்திரண்டு, அவருக்கு முப்பத்தைந்து இருக்கும். என்னை ‘சாரே’ என்பார். அந்த ‘சாரே’வில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

அவர் அந்த மூளையை வெறுங்கையால் எடுத்து மேஜையில் வைத்து, பிளாஸ்டர் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளாமல் இருக்க, ஆழமான பள்ளங்களின் அடியில் மெழுகை அழுத்திக்கொண்டிருந்தார். நான் வாசல் பக்கம், காற்று வரும் இடத்தில் நின்று ‘மேற்பார்வை’ செய்துகொண்டிருந்தேன்.

“தோ பாரு கன்னிமா,” என்றார். “இந்த வாய்க்கா நேரா எறங்கி வந்து பெரிய வாய்க்கால்ல சேந்துக்கிச்சி. இந்தாளு தலையில எவ்ளோ மழ பெஞ்சாலும் தண்ணி நிக்காது.”

“அந்தாண்டப் பக்கம்?”

திருப்பிப் பார்த்தார். “அந்தாண்ட மடைய அடைச்சிகீறான். பங்காளிச் சண்ட போலகீது.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அவர் சொன்னதில் எல்லா விவரமும் இருந்தது. எந்தப் பக்கம் சேர்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் சேரவில்லை என்று ஒருவர் கையால் தடவிப் பார்த்துச் சொல்லிவிட்டார். என் காதில் விழுந்தது ஜோக் மட்டும்.

பதினோரு துண்டாக அச்சு எடுத்தார். அந்தப் பதினோரு துண்டையும் எந்த வரிசையில் பூட்டுவது, எந்த வரிசையில் கழற்றுவது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். இருபத்து நான்கு மூளைகளும் வார்த்து, காய்ந்து, பலகையில் வரிசையாக உட்கார்ந்தன. நான் புத்தகத்தோடு போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வலப்பக்கம் சரி. இடப்பக்கம், இருபத்து நான்கிலும், நடுப்பள்ளம் வரப்பை உடைத்துக்கொண்டு பக்கப்பள்ளத்தில் போய் விழுந்திருந்தது.

எனக்கு வந்தது பயம் என்று நினைக்காதீர்கள். சந்தோஷம். ஏழு மாதமாகச் சரிபார்ப்பவனாக இருந்து முதல்முறையாக ஒரு தப்பைக் கண்டுபிடித்திருக்கிறேன். நேரே முதலாளியிடம் போனேன். முனிரத்தினம் நெல் பயிரிடுகிறவர், வாய்க்கால் முட்டி நின்றால் கை சும்மா இருக்காது, அச்சில் மடையைத் திறந்துவிட்டார் என்றேன். சாட்சிக்கு அவருடைய ஜோக்கையே சொன்னேன்.

முதலாளி அவரைக் கூப்பிட்டார்.

“நான் வெட்டல,” என்றார் முனிரத்தினம். “அதுல இருந்திச்சி. எடுத்தேன்.”

“புத்தகத்தில் இல்லை அண்ணே,” என்றேன்.

“உன் பொஸ்தகத்துலயா அச்சு எடுத்தேன்? வாளியில எடுத்தேன். வாளியத் தொறந்து பாரு சாரே.”

நியாயமான பேச்சு. முதலாளி நெற்றி நிறைய விபூதியோடு இருந்தார். செத்தவர் மூளை இருக்கும் கொட்டகைப் பக்கம் அவர் தலைவைத்தும் படுத்ததில்லை. என்னைப் பார்த்து, “போ நைனா, பாத்துட்டு வந்து சொல்லு,” என்றார்.

போனேன். கொட்டகைக்குள் நுழைந்தேன். மூடியிருக்கும்போதே லேசாக நெடி வந்தது. வாளிக்கு முன்னால், ஒரு ஆள் மூடியைத் திறந்து பார்த்து மூடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றேன். திரும்பி வந்தேன்.

“பார்த்தேன். சேரவில்லை,” என்றேன்.

நடுப்பள்ளத்தின் முன்மேட்டில், கீழ்க்கோடியில், அந்த வரப்புக்குப் பக்கத்தில்தான் வாயையும் நாக்கையும் ஆட்டிவைக்கும் இடம் இருக்கிறது. இதுவும் என் புத்தகத்தில் இருந்தது. நான் அந்தப் பொய்யைச் சொன்ன நேரத்தில் என் தலையில் அந்த இடம் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது.

முனிரத்தினம் என்னையே பார்த்தார். “வா, நீயும் நானும் போயி ஒருக்கா பாக்கலாம்.”

“படிச்சவன் பாத்துட்டு சொல்லிட்டான். அப்பால இன்னா பாக்கறது?” என்றார் முதலாளி. “சரக்கக் கெடுத்துட்டு பேஜாரு பண்ணாத. கெளம்பு.”

அந்தப் பேட்டையில் ‘சரக்கைக் கெடுத்தவன்’ என்று ஒரு கம்பெனி கேட்டில் பேர் வாங்கினால் அடுத்த கேட்டில் வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுவான். முனிரத்தினத்துக்கு அது தெரியும். சாப்பாட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வாசலில் ஒரு நிமிடம் நின்றார்.

“சாரே, ஒண்ணு கேக்கறேன். மடை வெட்டணும்னு என் கை துருதுருத்துச்சின்னா ரெண்டு பக்கமும் வெட்டியிருப்பேன் இல்ல? ஒரு பக்கம் மட்டும் தண்ணி வுடற வெவசாயிய நீ எங்கனா பாத்துகீறியா?”

அவர் போய்விட்டார்.

இந்த இடத்தில் நிறுத்திச் சொல்கிறேன். அந்தக் கேள்விதான் எங்கள் தொழிலில் நான் கேட்ட மிகச் சிறந்த தர்க்கம். கேட்டவர் மூன்றாம் வகுப்பு. கேட்கப்பட்டவன் பி.எஸ்ஸி. கேள்வி சரி என்று அப்போதே எனக்கு உறைத்தது. உறைத்த பிறகும் நான் கொட்டகைக்குப் போகவில்லை. போய்ப் பார்த்து அவர் சொன்னது சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது? மூடியைத் திறக்காமல் இருந்ததற்கு முதல் காரணம் நெடி. இரண்டாவது காரணம் இது. இரண்டாவதுதான் ஆபத்தானது. நெடிக்கு மூக்கில் துணி கட்டிக்கொள்ளலாம்.

பிறகு மூன்று நாள் உட்கார்ந்து, இருபத்து நான்கு இடப்பக்கங்களிலும் பிளாஸ்டரைக் குழைத்து அப்பி, ஒரு விரல்நக அகலத்துக்கு வரப்புக் கட்டினேன். கன்னியம்மா அக்கா அதன்மேல் வண்ணம் பூசினார். பூசும்போது ஒன்றும் பேசவில்லை. பேசாத கன்னியம்மா அக்காவை அந்தப் பட்டறையில் யாரும் பார்த்ததில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

நான்காம் நாள் டியூட்டர் அம்மா வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. பருத்திப் புடவை, கையில் பெரிய பை. முதலாளி ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்தார். அவர் உட்காரவில்லை. முதல் மூளையைக் கையில் எடுத்து, நேராக இடப்பக்கத்தைத் திருப்பினார். அடுத்ததை எடுத்தார். அதையும் இடப்பக்கம். மூன்றாவதை எடுக்காமல் கீழே வைத்தார்.

“நடுப்பள்ளம் சேருற இடம் எங்கே போச்சு?”

“அது சேராதுங்களே மேடம்,” என்று முந்திக்கொண்டேன். “அச்சு எடுத்த ஆள் தப்பாச் சேர்த்திருந்தார். நான் சரி பண்ணிட்டேன்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பரீட்சை மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் பார்வை. “நான் அனுப்பின கடிதத்தை யார் படிச்சீங்க?”

“நான்தான்.”

“கொடுத்த மூளையில் இருக்கிறது இருக்கிறபடியே வேணும்னு எழுதியிருந்தேனா?”

எழுதியிருந்தார்.

“எங்க பசங்க வருஷா வருஷம் தட்டில் இருக்கிறதைப் பார்க்காம புத்தகத்தில் இருக்கிறதை எழுதிட்டுப் போறாங்க. இது நூறு மூளையில் தேடி எடுத்தது. வலதுபக்கம் சேராது, இடதுபக்கம் சேரும். பார்க்கிறானா, ஒப்பிக்கிறானா என்று இதை வச்சுக் கண்டுபிடிச்சிடலாம்.” பிளாஸ்டர் வரப்பை நகத்தால் சுரண்டினார். “நீங்க பரீட்சைக்கு வராமலே பெயில் ஆயிட்டீங்க.”

முதலாளியின் முகம் பிளாஸ்டர் நிறத்துக்கு வந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். “நைனா, வாளியில பாத்தேன்னு சொன்னியே?”

சொல்வதற்கு அருமையான நேரம். ஒரு வார்த்தை போதும். நான் சொன்னது இது: “கொட்டகையில வெளிச்சம் கொஞ்சம் கம்மியா இருந்தது...”

பின்னாலிருந்து கன்னியம்மா அக்காவின் குரல் வந்தது. “மூடியத் தொறந்தாத்தானே தம்பி வெளிச்சம் உள்ள போவும்?”

எல்லோரும் திரும்பினோம். அவர் தூரிகையைத் தண்ணீர் டப்பாவில் அலசிக்கொண்டிருந்தார்.

“நான் பெயின்ட் காயவெக்கற பலக கொட்டகைக்கு நேர்லதான் கீது. போனாரு, சாமி கும்புடற மாதிரி நின்னாரு, வந்தாரு.”

“அன்னிக்கே இன்னாத்துக்கு சொல்லல?” முதலாளி கத்தினார்.

“என்ன யாரு கேட்டீங்க? படிச்சவங்க பேசிக்கினு இருந்தீங்க.”

அதற்குப் பிறகுதான் சொன்னேன். “திறக்கவில்லை. முதல் நாள் வாந்தி எடுத்ததிலிருந்து ஒருமுறைகூடத் திறக்கவில்லை. முனிரத்தினம் அண்ணே சொன்னதுதான் சரி.” துணிச்சலாகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். வேறு வழி இல்லாமல் போன பிறகு சொல்வதைத் துணிச்சல் என்று சொல்லக்கூடாது.

டியூட்டர் அம்மா பத்து நாள் அவகாசம் கொடுத்தார். நான் கட்டிய வரப்பைப் பெயர்த்துப் பார்த்தோம். அடியில் இருந்த பிளாஸ்டரையும் பிய்த்துக்கொண்டு வந்தது. அத்தனையும் புதிதாக வார்க்க வேண்டும். முதலாளி பதினோரு துண்டு அச்சைத் தானே பூட்டிப் பார்த்தார். ஒரு துண்டு மிஞ்சியது. திரும்பப் பூட்டினார். இரண்டு மிஞ்சியது. முனிரத்தினத்தைக் கூட்டிவர என்னை அனுப்பவைத்தது நியாயம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இரண்டு துண்டுதான்.

கும்மிடிப்பூண்டியில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, திருவள்ளூர் தாண்டித் திருவாலங்காட்டில் இறங்கினேன். முனிரத்தினம் யாருடைய கிணற்றடியிலோ ஆயில் இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கை முழுக்க கிரீஸ். வந்த விஷயத்தைச் சொன்னேன். வாளியைத் திறக்காததையும் சொன்னேன். ரயிலில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பையும், பெரிய பெரிய வார்த்தைகளோடு, முழுதாகச் சொல்லி முடித்தேன்.

அவர் ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “பேசி முடிச்சிட்டியா?”

“முடிச்சிட்டேன் அண்ணே.”

“பேட்டையில ரெண்டு கம்பெனில போயி வேல கேட்டேன். எனுக்கு முன்னாடி என் பேரு போயி உக்காந்துக்கினு இருக்குது. ஊட்ல நாலு நாளா கஞ்சி. நீ இங்க வந்து மூணு பக்கம் ஒப்பிக்கிற.” நட்டை வாயால் ஊதினார். “மன்னிப்ப நீயே வெச்சிக்க. நாலு நாள் கூலி, இன்னிக்கோட அஞ்சி. அப்பால இன்னொண்ணு.”

“சொல்லுங்க.”

“நீ அந்த மூளைய உன் கையால வெளிய எடுக்கணும். எல்லார் எதிர்லயும். அந்த ரெண்டு கம்பெனி ஆளுங்களும் வந்து நிக்கணும். நான் வெட்டலன்னு நீ சொல்லணும்.”

மறுநாள் காலை எடுத்தேன். முதலாளி தெருவில் நின்று எட்டிப் பார்த்தார். பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து இரண்டு மேஸ்திரிகள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு இது ஓசி சர்க்கஸ். கன்னியம்மா அக்கா மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துணி கொடுத்தார். நூலைப் பிடித்துத் தூக்கி, இரண்டு கையிலும் ஏந்தினேன். நான் நினைத்ததைவிடக் கனம். உச்சியிலிருந்து விரலை வைத்து இடப்பக்க நடுப்பள்ளத்தில் இறக்கினேன். விரல் எங்கேயும் முட்டவில்லை. நேராகப் போய்ப் பக்கப்பள்ளத்தில் விழுந்தது. வலப்பக்கம் இறக்கினேன். விரல்நகத்தளவு வரப்பில் முட்டி நின்றது.

“முனிரத்தினம் அண்ணே வெட்டவில்லை,” என்றேன். துணிக்குள்ளிருந்து குரல் சரியாக வரவில்லை.

“இன்னா சொல்றாரு?” என்றார் ஒரு மேஸ்திரி.

துணியை இறக்கிவிட்டு இன்னொரு முறை சொன்னேன். பிறகு மூளையைப் பத்திரமாக முனிரத்தினம் கையில் கொடுத்துவிட்டு வேலி ஓரம் போனேன். அங்கே என்ன செய்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

“இட்லியா?” என்றார் கன்னியம்மா அக்கா.

“பொங்கல்.”

பத்தாம் நாள் இருபத்து நான்கும் போய்ச் சேர்ந்தன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஆன செலவை முதலாளி ஐந்து மாதமாக என் சம்பளத்தில் பிடித்தார். பிடித்தது நியாயம்தான். மூடியைத் திறந்து பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும். திறக்காததற்கு மொத்தம் ஆனது நூற்றுப் பதினெட்டு ரூபாய் அறுபது காசு. அதில் முனிரத்தினத்துக்குப் போனது இருபத்தைந்து ரூபாய். மீதியெல்லாம் பிளாஸ்டருக்கும் பெயின்ட்டுக்கும்.